காசைக் கழுவாதீர்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, நிலத்தின் எல்லையைப் பீரங்கி வைத்துத்தான் அளந்தார்கள். குண்டு எவ்வளவு தூரம் போய் விழுந்ததோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். ‘குண்டு சாலை’ என்ற பெயரில் அந்தக் கதை கடலூரில் இன்னும் இருக்கிறது. டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலியின் படை என்று எத்தனையோ பேர் வந்துபோன கரை இது. அவர்களுக்கெல்லாம் முன்பு சோழரும் பாண்டியரும் ஆண்ட நாடு. இங்கே பெருமழை ஓய்ந்தபின் ஆற்று மணலிலோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ ஒரு பழங்காசு கிடைத்தால் அதில் வியப்பில்லை.

அப்படி ஒன்று உங்கள் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பச்சை படிந்து, எழுத்து தெரியாமல், வில்லை போல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்ப்பது. காசு பளபளவென்று ஆகும். அது யாருடைய காசு என்று சொல்லும் தடயங்களில் பாதி அந்தப் புளித்தண்ணீரோடு போய்விடும்.

களிம்பு சொல்லும் சேதி

செம்பில் படியும் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் உவமையாகச் சொல்லும். அந்தச் சாத்திரத்தை வளர்த்த உமாபதி சிவம் வாழ்ந்தது சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில். ஞானிக்குக் களிம்பு நீங்க வேண்டும். நாணய ஆய்வாளருக்கு அது இருக்க வேண்டும்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் செம்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து குப்ரைட் என்ற செந்நிறப் படலமாகிறது. அதன்மேல் நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து மாலகைட் என்ற பச்சைப் படலம் உருவாகிறது. இந்தப் படலங்கள் மெல்ல வளரும்போது, காசின் மூல மேற்பரப்பில் இருந்த எழுத்தும் உருவமும் பல நேரங்களில் படலத்துக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து கரைந்துவிடுகிறது.

கடலோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்து குப்ரஸ் குளோரைடாகத் தங்கிவிடும். காசை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் பட்டு அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் புதுச் செம்பை அரித்து மறுபடியும் குப்ரஸ் குளோரைடாகும். இப்படிச் சுற்றிச் சுற்றிக் காசே மாவாகிவிடும். வெண்கல நோய் என்று இதைச் சொல்வார்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சை நல்ல களிம்பு. தொட்டால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூள் நோயின் அறிகுறி. அந்தக் காசை உலர்ந்த டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கழுவாமலே என்ன உலோகம் என்று அறிய முடியும். முதலில் காந்தத்தைக் கிட்டே கொண்டு செல்லுங்கள். தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால், அது இரும்பின்மேல் பூச்சுப் பூசிய பிற்காலச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி. நகைக்கடைத் தராசில் காசை ஒருமுறை காற்றிலும், நூலில் கட்டி ஒருமுறை தண்ணீருக்குள்ளும் எடை போட வேண்டும். 9.3 கிராம் காசு தண்ணீரில் ஏறத்தாழ 1.04 கிராம் குறைந்தால் அது செம்பு. 0.89 குறைந்தால் வெள்ளி. 0.82 என்றால் ஈயம். களிம்பு கனத்திருந்தால் கணக்கு சற்றுப் பிசகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நோய் பிடித்த காசை நனைக்கவே கூடாது. ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கிறது. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்துக் கலவையைச் சொல்லிவிடலாம். ஆனால் அது மேல்தோலை மட்டுமே பார்க்கும்.

எழுத்தைப் படிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இருட்டறையில் காசை மேசைமேல் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகப் பிடித்து மெல்லச் சுற்றிவாருங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த பரப்பில் ஒரு தோள், ஒரு கொம்பு, ஓர் எழுத்தின் வளைவு என்று நிழல்கள் எழுந்து வரும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையின் காசுகள்

ஈயக்காசில் இரட்டைப் பாய்மரக் கப்பல் தெரிந்தால், அது சாதவாகனர் காலத்தது. சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையில் கிடைப்பவை என்றே நாணய அறிஞர்கள் இவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கடலில் கப்பல் ஓடியதற்கு அந்தச் சிறு ஈயத்துண்டு சாட்சி.

செப்புக்காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் இருந்தால் முதலாம் ராஜராஜன் நினைவுக்கு வருவான். 2024இல் கடலூர் மாவட்டம் மருங்கூரில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் ராஜராஜன் காலச் செப்புக்காசு கிடைத்தது. ஆனால் அவசரப்படக் கூடாது. இதே வடிவத்தை இலங்கை மன்னர்களும் பின்பற்றிக் காசு அடித்தார்கள். அமர்ந்த உருவத்தின் கைக்கருகே உள்ள நாகரி எழுத்துதான் முடிவு சொல்லும்: ‘ஸ்ரீராஜராஜ’ என்றால் சோழன், ‘பராக்கிரமபாகு’ என்றால் பாக்கு நீரிணையைத் தாண்டி வந்த காசு. தமிழில் ‘சோணாடு கொண்டான்’ என்று இருந்தால் அது பாண்டியருடையது. சோழ நாட்டை வென்று தில்லையில் வழிபட்ட முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் பட்டம் அது.

ஐரோப்பியர் காசுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒன்றோடொன்று பின்னிய வி, ஓ, சி எழுத்துகள் டச்சுக் கம்பெனிக்கு. கிரீடத்தின் கீழ் அரசரின் பெயரெழுத்து தரங்கம்பாடி டேனிஷ்காரருக்கு. ஒருபுறம் லில்லிப்பூ, மறுபுறம் தமிழில் ‘புதுச்சேரி’ என்றால் பிரெஞ்சுக்காரருக்கு. யானை நின்றால் அது ஐரோப்பியருடையதல்ல, ஹைதர் அலியின் மகன் திப்புவின் பைசா. அவருடைய சில காசுகளில் ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். தெரியாதவர் ஆண்டைத் தவறாகப் படித்துவிடுவார்.

சிங்கங்கள் தாங்கும் கேடயமும் 1808 என்ற ஆண்டும், மறுபுறம் பாரசீக எழுத்தும் ரோமன் எண்ணில் இருபதும் இருந்தால் ஆங்கிலேயக் கம்பெனியின் இருபது காசு. பர்மிங்காம் அருகே சோஹோ நாணயச்சாலையில் அச்சடித்துச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிய காசு அது. அவற்றைப் பல டன் ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் லட்சக்கணக்கான காசுகளை அங்கிருந்து மீட்டார்கள். நம் சந்தைகளில் கைமாறியிருக்க வேண்டிய காசுகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர் பெட்டிகளில் இருக்கின்றன. அதனால், இருபது காசு ஒன்று விற்பனைக்கு வந்தால் அது கடலூர் மண்ணில் கிடைத்ததா, கடலடியில் கிடைத்ததா என்று காசை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். கிடைத்த இடத்தின் குறிப்பு கூடவே இருந்தால்தான் தெரியும்.

இல்லாத காசு

நம் ஊரில் அதிகம் காட்டப்படும் ‘மர்ம நாணயம்’ எது தெரியுமா? ராமர், சீதை, லட்சுமணன், அனுமன் உருவங்களோடு, ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’ என்று பொறித்த காசு. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லைகள் அவை. இதே காசை வைத்துத்தான் ‘ரைஸ் புல்லிங்’ மோசடியும் நடக்கிறது. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கு விலைபோகும் என்பார்கள். அரிசியை இழுக்கும் உலோகம் உலகத்தில் கிடையாது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, காசுக்குள் காந்தத்தை மறைத்துக் காட்டும் வித்தை அது. அதை நம்பிச் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல.

கருவியும் சட்டமும்

மெட்டல் டிடெக்டரின் சுருள் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதன் எதிர்க்குரல் சுருளுக்குத் திரும்புகிறது. கடலூர் சில்வர் பீச் போன்ற இடங்களில் ஈர உப்பு மணலே மின்சாரம் கடத்துவதால் கருவி வீணாகக் கத்தும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: உலோகம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் பக்கத்தில் என்று சொல்லாது. காலத்தைச் சொல்வது அந்த அடுக்குதான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றமும்கூட.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கண்டெடுத்தவரைச் சட்டம் வெறுங்கையோடு அனுப்பிவிடாது. புதையலுக்கு உரிமையாளர் இல்லை என்று முடிவானால் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

சட்டத்துக்காக மட்டுமல்ல, எழுத்துக்காகவும் காசைக் காக்க வேண்டும். 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக்காசில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் படித்தார். சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது சான்றானது. அந்தக் காசை யாரேனும் புளி போட்டு அழுத்தித் தேய்த்திருந்தால் அந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்குமா?

ஆகவே கடலூர், சிதம்பரம் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழங்காசு கிடைத்தால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். ஒரு காகித உறையில் போட்டு, அதன்மேல் ஊர், இடம், ஆழம், தேதி நான்கையும் எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலோ கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். களிம்பும் உறைமேல் நீங்கள் எழுதிய அந்த நான்கு விவரங்களும் சேர்ந்தால்தான் காசு வரலாறாகும்.