பற்று எழுதினால் அடிக்கவும் வேண்டும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்)

பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் வட்டு என்பது பொதுச் சொத்து. ஒருவர் அளவின்றிக் கோப்புகளைக் குவித்தால் மற்றவர் தம் செய்முறைப் பாடத்தைக்கூடச் சேமிக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று பங்கிடும் முறை வந்தது. இதனை ‘டிஸ்க் கோட்டா’ என்பர். பெர்க்லி யூனிக்சுக்காக இதனை எழுதியவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ். 1983-இல் வெளிவந்த 4.2 பதிப்பில் அது இடம்பெற்றது. இன்றைய லினக்சிலும் அதே அடிப்படைதான்.

கோட்டாவில் இரண்டு வரம்புகள் உண்டு. மென் வரம்பைத் தாண்டினால் தவணை கொடுப்பார்கள். வழக்கமான தவணை 7 நாள். வன் வரம்பைத் தாண்டவே முடியாது. (நிர்வாகியை மட்டும் எந்த வரம்பும் தடுப்பதில்லை. அங்கும் அப்படித்தான்!)

லினக்சின் நிரல் யாவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்நிரலைப் படிக்க எவருடைய சிபாரிசும் எனக்குத் தேவைப்படவில்லை. அதில் ஒருவர் எழுதும் மாற்றத்தை வேறொருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்ப்பது வழக்கம். கோட்டா நிரலில் செய்யும் மாற்றத்தை எப்படிப் படிப்பது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

புதிதாகச் சேர்ந்த வரிகளைப் பார்த்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். என் கருத்து வேறு. இடம் கிடைக்கும்போது கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இடம் மறுக்கப்படும்போது நிரல் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவர் ஒருவரின் வன் வரம்பு 1000 தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். 990 செலவாகிவிட்டது. அவருடைய குழுவுக்கும் தனி வரம்பு உண்டு, அது நிரம்பிவிட்டது. அவர் இன்னும் 8 தொகுதிகள் கேட்கிறார். நிரல் முதலில் அவர் கணக்கில் 8 பற்று எழுதுகிறது, 998 ஆகிறது. அடுத்துக் குழுக் கணக்கைப் பார்க்கிறது. அங்கே இடமில்லை. ‘கோட்டா மீறல்’ என்று பிழை சொல்லித் திரும்பிவிடுகிறது. இடம் கிடைக்கவில்லை, பற்று மட்டும் நிற்கிறது! நாளை குழுவில் இடம் உண்டானாலும் 998-உடன் 8 சேர்ந்து 1006 ஆகும். இப்போது அவருடைய வரம்பே அவரைத் தடுக்கும். எழுதாத எழுத்துக்கு அவர் இடத்தை இழந்தார். அவர் நிர்வாகியும் அல்லர், தாமே திருத்திக்கொள்ள.

மளிகைக் கடைப் பற்று நோட்டை என் தாயார் இப்படித்தான் பார்ப்பார். எழுத்து அறியாதவர். “எண்ணெய் இல்லேன்னு சொன்னாரே, அதை அடிச்சுட்டாரா பாரு” என்பார். லினக்ஸ் நிரலும் அடிக்கத்தான் செய்கிறது. ஒரு கணக்கு மறுத்தால், அதற்கு முன் எழுதிய பற்றுகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டே வெளியேறுகிறது. புதிய மாற்றம், இந்தக் கழிக்கும் பகுதியை எட்டாமலேயே வெளியேறும் வழி எதையேனும் திறக்கிறதா? படிப்பவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

ஆள், குழு ஆகிய இரண்டு கணக்குகளுடன் ‘திட்டம்’ என்ற மூன்றாவது கணக்கும் 2016-இல் எக்ஸ்டி4 கோப்பமைப்பில் சேர்ந்தது. ஆகவே இரண்டுதான் என்று எண்ணி எழுதிய வரி எங்கிருந்தாலும் ஐயத்துக்கு உரியது. கோப்பின் உரிமை கைமாறும்போதும் இதே கதைதான். புதியவர் கணக்கில் ஏற்ற முடியும் என்று உறுதியான பின்னரே பழையவர் கணக்கில் குறைக்கலாம். வரம்பைச் சோதிப்பதும் பற்று எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்கவும் வேண்டும். இல்லையேல் ஒரே நேரத்தில் கேட்கும் இருவருக்கும் ‘இடம் உண்டு’ என்ற விடை போய்விடும்.

படித்ததோடு நில்லாமல் செய்தும் பார்க்கலாம். தனியான ஒரு வட்டுப் பகுதியில் மிகச் சிறிய வரம்பு வைத்து, மறுக்கப்படும்வரை எழுதி, பாதிக் கோப்புகளை அழித்துவிட்டுக் கணக்கில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ‘கோட்டாசெக்’ என்ற கருவியைக் கொண்டு உள்ள கோப்புகளைப் புதிதாக எண்ணச் செய்ய வேண்டும். இரண்டு எண்களும் ஒரு தொகுதி வேறுபட்டாலும், மாற்றத்தை எழுதியவருக்கே திருப்பி அனுப்பலாம்.