ஒற்றைக் கோரிக்கை போதும்

ஒரு பெரிய நிறுவனத்தின் இணையதளம் முடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால், நமக்கு உடனே ஒரு கூட்டம்தான் நினைவுக்கு வரும். ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் வந்து முட்டியிருக்கும், சர்வர் தாங்காமல் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் ஒரே ஒருவர், சாதாரண வீட்டு இணைப்பிலிருந்து, பார்த்தால் சந்தேகமே வராத ஒரு கோரிக்கையை அனுப்பியும் சர்வரைத் திணறடிக்கலாம். அது எப்படி என்று நிதானமாகப் பார்ப்போம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

வங்கித் தளத்திலோ பயணச்சீட்டுத் தளத்திலோ நாம் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறோம். அந்தப் பக்கம் அதை வாங்கிப் பிரிப்பது அப்ளிகேஷன் சர்வர். டாம்கேட் அந்த வகையைச் சேர்ந்தது. பெயர், ஊர், தேதி என்று படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உண்டு. பிறகு கேட்டவுடன் எடுத்துத் தர வேண்டுமே என்று, சர்வர் அவற்றை ‘ஹாஷ் டேபிள்’ என்ற அட்டவணையில் போட்டு வைக்கிறது.

அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நூறு அறைகள். பின்கோடின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ, அந்த எண்ணுள்ள அறைக்குக் கடிதம் போகும். தேடும்போது அந்த ஓர் அறையை மட்டும் பார்த்தால் போதும். ஹாஷ் டேபிளும் இதைத்தான் செய்கிறது. பெயரை ஒரு விதிப்படி எண்ணாக்கி, அந்த எண்ணுக்குரிய அறையில் வைக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே 42 என்று முடியும் கடிதங்களை மட்டும் ஆயிரக்கணக்கில் அனுப்பினால்? எல்லாம் ஒரே அறையில் குவியும். புதிதாக வரும் ஒவ்வொன்றையும், ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க, மொத்தக் குவியலோடும் ஒப்பிட வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட பெயர்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கும் என்று தோன்றும். டாம்கேட் எழுதப்பட்ட ஜாவா என்ற நிரல் மொழியின் விதியை எடுத்துக்கொள்வோம்: இதுவரை வந்த தொகையை 31ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டு, அவ்வளவுதான். ஆங்கிலப் பெரிய ‘ஏ’வுக்கு 65, சின்ன ‘ஏ’வுக்கு 97. இரண்டையும் சேர்த்து எழுதினால் 65 × 31 + 97 = 2112. பெரிய ‘பி’க்கு 66. இரண்டு ‘பி’ எழுதினால் 66 × 31 + 66, அதுவும் 2112. இனி இந்த இரண்டு ஜோடிகளில் ஒன்று வரும் இடத்தில் மற்றதை வைத்தாலும் மொத்தம் மாறாது. 15 ஜோடிகளை வரிசையாக எழுதினால், எண் ஒன்றாகவே இருக்கும் 32,768 வெவ்வேறு பெயர்கள் கிடைத்துவிடும்.

இந்தப் பெயர்களை எல்லாம் ஒரே படிவத்தில் அனுப்பினால் ஒரு எம்பி அளவுதான் வரும். ஆனால் முதல் பெயருக்கு ஒப்பீடு இல்லை, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் 53 கோடி ஒப்பீடுகளைத் தாண்டும். பெயர்கள் பல அறைகளில் பரவியிருந்தால் பெயருக்கு ஒன்றிரண்டு ஒப்பீட்டில் முடிந்திருக்கும் வேலை இது.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003லேயே இந்த ஆபத்தை ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். பெர்ல் என்ற நிரல் மொழி அப்போதே திருத்திக்கொண்டது. மற்றவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 2011 டிசம்பர் இறுதியில், பெர்லினில் நடந்த கெயாஸ் கம்ப்யூட்டர் கிளப் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே இருவரும் ஜாவா, பிஎச்பி, பைத்தான், மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் எல்லாவற்றிலும் இதே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் டிசம்பர் 29 அன்றே திருத்தம் வெளியிட்டது.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இங்கேதான் வருகிறது. “இன்னும் பெரிய சர்வர் வாங்கிவிடலாம்” என்பார்கள். இருமடங்கு வேகமான சர்வர் வந்தால், தாக்குபவர் பெயர்களை ஒன்றரை மடங்காக்கினாலே போதும், அந்த வேகம் கரைந்துவிடும். “வாசலில் ஃபயர்வால் இருக்கிறதே” என்பார்கள். அது கோரிக்கைகளை எண்ணினால், இங்கே வந்திருப்பது ஒன்றே ஒன்று. “உள்நுழைய பாஸ்வேர்டு வேண்டுமே” என்பார்கள். அந்தப் பாஸ்வேர்டைப் படிக்கவே, சர்வர் படிவம் முழுவதையும் பிரித்து அட்டவணையில் போட்டாக வேண்டும். ஆளை அடையாளம் காண்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கூட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இங்கே உதவாது, ஏனென்றால் கூட்டமே இல்லை.

அப்படியானால் என்ன செய்தார்கள்? முதலில் வரம்பு வைத்தார்கள். ஒரு படிவத்தில் இத்தனை பெயர்களுக்கு மேல் ஏற்க மாட்டேன் என்று ஏஎஸ்பி.நெட்டும் பிஎச்பியும் 1,000இல் நிறுத்தின, டாம்கேட் 10,000இல் நிறுத்தியது. அடுத்து, விதியை ரகசியமாக்கினார்கள். நம் அலமாரியில் எந்தக் கடிதம் எந்த அறைக்கு என்பதைத் தினமும் காலையில் ரகசியமாக மாற்றிவிட்டால், வெளியாள் திட்டமிட்டுக் குவிக்க முடியாது. பைத்தான் அந்த வழியில் போனது. ஜாவாவில் விதி ஆவணத்திலேயே எழுதப்பட்டிருந்ததால் அதை மாற்ற முடியவில்லை. எனவே 2014இல் வந்த ஜாவா 8, அறையில் குவியல் பெருகினால் அதை வரிசைப்படுத்திய மரமாக அடுக்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் குவிந்தாலும் ஒரு பெயருக்குப் பத்து, இருபது ஒப்பீட்டில் வேலை முடியும்.

ஆனால் வரம்பு எல்லாவற்றையும் காப்பாற்றாது. அதே 2011 பிப்ரவரியில் ஜாவாவில் இன்னொரு குறை வெளியானது. 2.2250738585072012ஐ 10இன் 308ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் மிகச் சிறிய எண்ணை, எழுத்து வடிவத்திலிருந்து எண்ணாக மாற்றச் சொன்னால், ஜாவா முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பெயர் ஒன்றுதான், எண் ஒன்றுதான்; எந்த வரம்பும் அதைப் பிடிக்காது. ஜாவாவைப் பராமரிக்கும் ஆரக்கிள் நிறுவனம் தந்த திருத்தத்தை உடனே நிறுவியவர்கள் தப்பித்தார்கள். ஆக, நம் கையில் இருப்பவை இரண்டு: வரம்புகளைச் சரியாக வைப்பது, திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் நிறுவுவது.

இந்த இரண்டில் வரம்புதான் அடிக்கடி தளர்ந்து கெடுகிறது. நிறுவனங்களில் சில படிவங்கள் உண்மையிலேயே ஆயிரம் கட்டங்களைத் தாண்டும். திருத்தம் போட்டதும் அவை நின்றுபோகும், புகார் வரும், நிர்வாகி வரம்பைக் கூட்டுவார். கூட்டலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். பாதுகாப்பில்லாத பழைய அட்டவணையில், ஒரே அறையில் விழும் 1,000 பெயர்களுக்கு ஏறக்குறைய 5 லட்சம் ஒப்பீடுகள், சர்வருக்கு அது பொருட்டே இல்லை. 10,000 பெயர்களுக்கு 5 கோடி. ஒரு லட்சத்துக்கு 500 கோடி. வரம்பைப் பத்து மடங்கு தளர்த்தினால் ஆபத்து நூறு மடங்கு வளர்கிறது. ஆகவே சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கும் கூட்டத்தில், ஒரே ஆள் அதனிடம் அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்றும் கேளுங்கள்.