மூன்று திரை, ஒரு எஸ்எம்பிஎஸ், கொஞ்சம் உப்புக்காற்று

மூன்று மானிட்டரை வரிசையாக வைத்து கேம் ஆட ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த கிராஃபிக்ஸ் கார்டு? இந்தக் குறிப்பில் அதற்குப் பதில் உண்டு. ஆனா கொஞ்சம் சுத்திதான் வரும். சென்னை ரிச்சி தெருவில் நின்று கேட்டால் ஒரு பதில், ஆரோவில்லிலிருந்து மரக்காணம் வரைக்குமான இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து கேட்டால் வேறு பதில். கார்டு அதே கார்டுதான். அதுக்குக் கீழே இருக்கிற சமாச்சாரங்கள்தான் வேறு: எஸ்எம்பிஎஸ், இன்வெர்ட்டர், எர்த், அப்புறம் காற்றில் வருகிற உப்பு.

கணக்கு போட ஒரு நிஜமான வீடு இருந்தால் நல்லது. மரக்காணத்தில் என் அக்கா வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் உப்பளப் பாத்திகள். அக்கா மகனுக்கு யூரோ ட்ரக் சிமுலேட்டர் பைத்தியம். மூன்று ஃபுல் எச்டி மானிட்டர், ஒரு ஸ்டியரிங். "மாமா, நிஜ லாரி கேபின் மாதிரி ரெண்டு பக்கக் கண்ணாடியும் தெரியணும்" என்கிறான். வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பாட்டரியும் இருக்கிறது. அது அக்கா வீட்டுக்காரருடையது. ராத்திரி ஃபேன் ஓடுவதற்காக வாங்கியது, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

முதலில் ஆசையை எண்ணாக மாற்றுவோம். ஒரு ஃபுல் எச்டி திரையில் 1920 x 1080, அதாவது 20.7 லட்சம் புள்ளிகள். மூன்றும் சேர்ந்து 62.2 லட்சம். ஒரு 4கே திரையில் 82.9 லட்சம். ஆக, மூன்று ஃபுல் எச்டி என்பது ஒரு 4கேயின் முக்கால் பங்கு. இது ஏன் முக்கியம்னா, கார்டு விமர்சனம் எழுதுகிறவர்கள் மூன்று மானிட்டர் வைத்துச் சோதிப்பது அபூர்வம். 4கே முடிவுகளைத் தாராளமாகத் தருவார்கள். உங்கள் விளையாட்டுக்கு அந்த 4கே எண்ணைப் பார்த்து, அதைவிடச் சற்று மேலே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே மூன்று திரையும் 2560 x 1440 என்றால் கதையே மாறிவிடும். மொத்தம் 1.1 கோடி புள்ளிகள், 4கேயைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மானிட்டரில் ஒரு படி ஏறினால் கார்டில் இரண்டு படி ஏற வேண்டிவரும். அதனால் முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள், கார்டு பிறகு.

புள்ளிக் கணக்கில் வராத ஒரு சுமையும் இருக்கிறது. பார்வைக் கோணம் அகலமாகும்போது பக்கவாட்டு மரம், வண்டி, கட்டடம் எல்லாம் காட்சிக்குள் வந்துவிடும். ஒற்றைத் திரையில் கேம் வரையாமல் விட்டுவிடுகிற பொருள்கள் இவை. சும்மா மூன்று திரையையும் ஒரே அகலத் திரையாக இணைத்தால் ஓரங்கள் ரப்பர் மாதிரி இழுபட்டுத் தெரியும். யூரோ ட்ரக்கில் இதற்கென்று தனி மல்டி மானிட்டர் முறை உண்டு, அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும். அது இடம், நடு, வலம் என்று ஒவ்வொரு திரைக்கும் தனிக் கேமராவாக வரைகிறது. பார்க்க அருமை. ஆனால் பிராசஸருக்கும் வேலை கூடும். கார்டுக்கு மட்டும் காசைக் கொட்டி, பழைய பிராசஸரை அப்படியே விட்டால் ஓடாது.

அடுத்து, கார்டில் எத்தனை ஓட்டை? கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 2009இல் ஏஎம்டி தன் ரேடியான் எச்டி 5870 கார்டுடன் ஐஃபினிட்டி என்ற பெயரில் மூன்று திரை ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது, மூன்றாவது மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் இணைக்க முடிந்தது. டிவிஐ, எச்டிஎம்ஐ இரண்டுக்கும் தேவையான கடிகாரச் சில்லு இரண்டு திரைக்கு மட்டுமே இருந்தது. என்விடியா பக்கம் 2010இல் மூன்று திரைக்கு இரண்டு கார்டு தேவைப்பட்டது. 2012இல் ஜிடிஎக்ஸ் 680 வந்த பிறகுதான் ஒற்றைக் கார்டே போதும் என்று ஆனது. இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் பழைய மானிட்டர்களை மலிவாக வாங்குகிறவர்கள் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விஜிஏ மட்டுமே இருக்கும் மானிட்டருக்குச் சிக்னலை மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் வேண்டும், வெறும் கேபிள் போதாது. மூன்றும் ஒரே மாடலாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது. நிறம் ஒத்துப்போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வெவ்வேறு ரெஃப்ரெஷ் வேகத்தில் மானிட்டர்கள் இருந்தால் சில கார்டுகள் சும்மா இருக்கும்போதுகூடத் தங்கள் மெமரியை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கே வாட் கணக்கில் மின்சாரம் வீண்.

இப்போது கார்டு. மூன்று ஃபுல் எச்டி, 60 ஃப்ரேம், லாரி ஓட்டும் ஆட்டம். இதற்கு 160 முதல் 200 வாட் வரை எடுக்கும் கார்டு போதும். 16 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 160 வாட். முதலாவதில் பொதுவாக நான்கு ஓட்டை, இரண்டாவதில் மூன்று, அதாவது நமக்குச் சரியாக அவ்வளவுதான். 8 ஜிபி மாடலை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090ஐப் பற்றி யூடியூபில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்து ரசிக்கலாம். இந்தக் கரையில் வாங்கி வைப்பதற்கு அது ஆகாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பிராசஸர் 65 வாட் வகை, முழு வேகத்தில் 76 வாட் என்று வைப்போம். கார்டு 180. போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன், யூஎஸ்பி ஸ்டியரிங் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 306 வாட். "அப்போ மானிட்டர்?" என்று கேட்டான் பையன். மானிட்டர் எஸ்எம்பிஎஸ் கணக்கில் வராது, அவை தனியாகச் சுவரில் செருகுபவை. கடைக்காரர்களே மூன்று மானிட்டர் என்றதும் பெரிய எஸ்எம்பிஎஸ்ஸைத் தள்ளிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்வெர்ட்டர் கணக்கில் மானிட்டர் கண்டிப்பாக வரும்.

306 வாட்டுக்கு 350 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா? போதாது. கார்டின் 180 வாட் என்பது சராசரி. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அது அதைவிட வெகுவாக எகிறும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. எனவே இந்த வீட்டுக்கு 650 வாட், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தையது. 850 தேவையில்லை.

கேபினட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" பெட்டியை மட்டும் தொடாதீர்கள். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தைப் படிக்காமல் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் படியுங்கள். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 x 18, வெறும் 216 வாட். மிச்சமெல்லாம் யாருக்கும் பயன்படாத 3.3, 5 வோல்ட் தடங்களில் காட்டும் கணக்கு.

80 பிளஸ் கோல்டா, பிரான்ஸா? பாதிச் சுமையில் கோல்டு 90 சதவீதம், பிரான்ஸ் 85 சதவீதம். நம் 306 வாட்டுக்குச் சுவரிலிருந்து 340 எதிர் 360. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 22 யூனிட் மிச்சம். இதற்காகவா கோல்டு வாங்குவது? கரண்ட் பில்லுக்காக இல்லை. அந்த 20 வாட் பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுகிறது, சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்றும், அது காற்றை இழுக்கும், காற்றோடு உப்பை இழுக்கும். இன்னொன்று: வழக்கமான 80 பிளஸ் சோதனை நடப்பது 115 வோல்ட்டில், சுமார் 23 டிகிரி அறையில். நம் வீட்டு மே மாதத்தில் இல்லை. அதனால் முழு வாட்டும் 50 டிகிரியில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிற மாடலைத் தேடுங்கள்.

உப்புக்கு வருவோம். இதுதான் இந்தக் கரையின் தனிப் பிரச்சினை. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கரைந்து நீராகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். உப்பளத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அதே உப்புத்தூள் ஒரு சர்க்யூட் போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது என்று வையுங்கள். பகலில் அது வெறும் தூசி. ராத்திரி ஈரம் ஏறியதும் மின்சாரம் கடத்துகிற உப்புத் தண்ணீர். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் கிட்டத்தட்ட 400 வோல்ட் நிற்கும். வேற எந்தப் பாகத்தையும்விட இதுதான் முதலில் போவது ஏன் என்று புரிகிறதா?

ஆரோவில் மேட்டு நிலம், அங்கே உப்பு கொஞ்சம் குறைவு, பதிலுக்குச் செம்மண் தூசி. (1980களிலேயே ஆரோலெக் என்ற பெயரில் அங்கே கணினி செய்து விற்றார்கள் என்பது இன்றைய பையன்களுக்குத் தெரியாது.)

ஈரப்பதத்தை வைத்துப் பார்த்தால் ஒரு விநோதமான முடிவு வரும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் சூடாக இருப்பதால் அதன் உள்ளே ஈரப்பதம் குறைவு. ஆபத்து அதிகம் அணைத்து வைத்த கம்ப்யூட்டருக்குத்தான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே. அந்த மாதிரிச் சமயத்தில் கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்த பெட்டியை, கரண்ட் வந்த நிமிடமே ஆன் செய்யக்கூடாது. ப்ளக்கைப் பிடுங்கி, பக்கக் கதவைத் திறந்து, வெயில் வந்த பிறகு ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள், அந்த 400 வோல்ட் அணைத்த பிறகும் உள்ளே நிற்கலாம். மழைக்காலத்தில் தினம் அரைமணி நேரமாவது ஓடவிடுவது நல்லது. கேபினட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். குறைந்த சுமையில் ஃபேன் நின்றுவிடும் எஸ்எம்பிஎஸ் கிடைத்தால் அதை எடுங்கள். சுத்தம் செய்ய ப்ளோயர் மட்டும், ஈரத்துணி கூடவே கூடாது.

பெரிய கார்டுகள் இங்கே ஆகாது என்று சொன்னதற்கு ஒரு காரணம் இதே உப்பு. பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், மூன்று பின் வழியாக, ஆளுக்கு 4.2. புதிய 16 பின்னில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர், ஆறு பின், ஆளுக்கு 8.3. பின்னும் சிறியது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வாங்கியவர்கள் சிலருக்கு இந்த கனெக்டர் உருகியது, சரியாக உள்ளே தள்ளப்படாததே காரணம் என்றது என்விடியா. தொடும் இடத்தில் தடை கொஞ்சம் கூடினாலும் சூடு கூடும், உலோகம் பச்சை பூக்கிற ஊரில் தடை கூடாமல் இருக்குமா? 180 வாட் கார்டுக்கு ஒரு 8 பின் போதும். அதுவே என் விருப்பம். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

இனி அக்கா வீட்டுக்காரரின் இன்வெர்ட்டர். சுவரில் 340, மானிட்டர் மூன்றுக்கு 75, மொத்தம் 415 வாட். ஒரு சாதாரண ஃபேன் 75 வாட். அதாவது பையன் ஆட உட்கார்ந்தால் ஐந்தரை ஃபேன் ஓடுகிற மாதிரி. இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பாட்டரியிலிருந்து 40 ஆம்பியர். 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற கணக்கு. இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் புது பாட்டரியே இரண்டு மணி நேரம் சொச்சம்தான் தாங்கும், ஆயுளும் குறையும். பழைய இன்வெர்ட்டர்கள் சதுர அலை தருபவை. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் உறுமும், சில நேரம் அணைந்தும் போகும். அதற்கு ப்யூர் சைன் வேவ் வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியும் பார்க்கணும், எஸ்எம்பிஎஸ் மூச்சைப் பிடித்துத் தாங்குவது 16, 17 மில்லி வினாடிதான்.

அதனால் நான் சொன்ன ஏற்பாடு இது. கம்ப்யூட்டருக்குத் தனி ப்ளக் பாயின்ட், இன்வெர்ட்டர் லைனில் இல்லாமல். நடு மானிட்டருக்கும் கேபினட்டுக்கும் மட்டும் ஒரு சைன் வேவ் யூபிஎஸ், லாரியை ஓரங்கட்டி சேவ் செய்து அணைக்க ஐந்து நிமிடம். கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கி, ஃப்ரேமை 60இல் கட்டினால் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, சூடு நன்றாகவே குறையும். "அப்பா ஃபேனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அக்கா கேட்டார். ஆகாது.

கடைசியாக எர்த். கேபினட்டின் மேல் கை வைத்தால் சுருக்கென்று ஒரு மெல்லிய ஷாக் வருகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது தகரத்தை மெயின்ஸின் பாதி வோல்ட்டேஜுக்கு ஏற்றி வைக்கும். ஸ்டியரிங், ஹெட்செட் எல்லாம் அதே தகரத்தோடு சேர்ந்தவை. எர்த் குழியில் நாம் கரியோடு உப்பைத்தான் போடுகிறோம், தடை குறைய. மரக்காணத்து மண்ணில் அந்த உப்புக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் குழிக்குள் இருக்கும் ஜிஐ பைப்பை அதே உப்பு சீக்கிரம் தின்றுவிடும். கார்டு வந்து இறங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்தப் பைப்பும் அதில் முறுக்கிய கம்பியும் இன்னும் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.