போல் துரையின் சூத்திரம்

லண்டன் மாநகரின் கிழக்கே, நம்மவர் பலர் குடியிருக்கும் ஈஸ்ட்ஹாமின் வரிசை வீடுகளில், பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு, வெந்நீரை உடனுக்குடன் காய்ச்சித் தரும் புதிய காம்பி பாய்லர் பொருத்த வரும் கேஸ் என்ஜினீயர், மீட்டரிலிருந்து சமையலறை வரை ஓடும் 15 மில்லிமீட்டர் செப்புக் குழாயையும் பெயர்த்துவிட்டு 22 மில்லிமீட்டர் குழாய் போடவேண்டும் என்று சொல்லும்போது, ஏழு மில்லிமீட்டருக்காகச் சுவரை உடைப்பதா என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பது இயல்பே. அந்தச் சந்தேகத்துக்குச் சமாதானம் சொல்லக்கூடியவர் வில்லியம் போல் என்பவர்.

1814ல் பிறந்து, 1844ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிக்குச் சிவில் என்ஜினீயரிங் பேராசிரியராக வந்து சில ஆண்டுகள் போதித்துத் திரும்பிய இவர், சங்கீதத்தில் ஆக்ஸ்போர்டு டாக்டர் பட்டம் பெற்றவர். விஸ்ட் என்னும் சீட்டாட்டத்தைப் பற்றிச் சாஸ்திரோக்தமாக நூல் எழுதியவர். இத்தனை வித்தைகளில் இன்றும் தொழிலாளர் வாயில் அவர் பெயரை நிலைநிறுத்துவது, குழாயில் செல்லும் வாயுவின் அளவைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றுதான் என்பது விசித்திரமே.

அதன் சாரம் இது: குழாயின் உள்விட்டத்தை ஐந்தாம் படிக்கு உயர்த்தி, அனுமதிக்கப்பட்ட அழுத்த வீழ்ச்சியாலும் பெருக்கி, வாயுவின் ஒப்படர்த்தியாலும் குழாயின் நீளத்தாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால், வாயுவின் ஓட்டம் அதற்கு விகிதமாக இருக்கும். ஆகவே நீளம் நான்கு மடங்கானால் ஓட்டம் பாதியாகக் குறைகிறது; விட்டம் இரு மடங்கானாலோ ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல் பெருகுகிறது. குழாய் அகலும்போது இடம் பெருகுவதோடு, சுவரில் உராய்ந்து வேகம் இழக்கும் பகுதியின் விகிதமும் சுருங்குவதே காரணம். 1870ல் லண்டனின் கிழக்கே பெக்டனில் எழுந்த மாபெரும் வாயுத் தொழிற்சாலையிலிருந்து பல மைல் தொலைவிலுள்ள நகர மையத்துக்கு வாயு அனுப்பியவர்கள் அகன்ற இரும்புக் குழாய்களைப் புதைத்தது வீண் ஆடம்பரமன்று.

இனி நம் ஈஸ்ட்ஹாம் வீட்டுக்கு வருவோம். பாய்லர் 30 கிலோவாட் உட்கொள்கிறது. அடுப்பு 7 கிலோவாட். ஒரு கிலோவாட்-மணி 3.6 மெகாஜூலுக்குச் சமம். ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவில் ஏறத்தாழ 39 மெகாஜூல் வெப்பம் உண்டு. கணக்கிட்டால் இரண்டும் சேர்ந்து மணிக்குச் சுமார் 3.4 கன மீட்டர் வேண்டும். மீட்டரை விட்டுப் புறப்படும் 21 மில்லிபார் அழுத்தத்தில், அடுப்பையோ பாய்லரையோ சேர்வதற்குள் ஒரு மில்லிபாருக்கு மேல் இழக்கலாகாது என்பது விதி. ஒரு மில்லிபார் என்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தந்தான். பத்து மீட்டர் தூரத்துக்கு 15 மில்லிமீட்டர் குழாய் இந்தச் சுமையைத் தாங்காது, 22 தாங்கும். வழியிலுள்ள ஒவ்வொரு எல்போவையும் அரை மீட்டர் நீளமாகக் கூட்டிக்கொள்ளவேண்டும் என்பதையும் வீட்டுக்காரர் மறக்கலாகாது.

1967 முதல் பத்தாண்டுகளில் பிரிட்டன் நிலக்கரி வாயுவை விட்டு வடகடல் வாயுவுக்கு மாறியபோது, புதிய வாயு அதிகக் கனமாயினும் கன அளவுக்கு இருமடங்கு வெப்பம் தந்ததால் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. அந்தச் சலுகையைத்தான் இன்றைய காம்பி பாய்லர்கள் தின்றுவிட்டன. இன்னொன்று: உராய்வை எந்த விட்டத்துக்கும் ஒரே அளவாகக் கொண்டதால், மெல்லிய குழாய்களுக்குப் போலின் சூத்திரம் சற்றுத் தாராளமாகவே கணக்கு சொல்லும், ஆகவே அனுபவசாலியான என்ஜினீயர் தர விதிகளின் அட்டவணையையே பார்த்து, பாய்லரையும் அடுப்பையும் ஒருசேர எரியவிட்டு, பாய்லரின் வாயிலில் மானோமீட்டர் வைத்து அழுத்தத்தை அளந்த பிறகே கையெழுத்திடுகிறார்.