எண்ணெய்ப் பங்கு இறங்குகிறதா? விற்கும் முன் இரண்டைப் பாருங்கள்

நஷ்டத்தில் ஓடும் எண்ணெய்க் கம்பெனியின் பங்கை விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் அதன் காலாண்டு முடிவை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. டெலிகிராம் குழுவில் யாரோ சொன்ன இலக்கு விலை மட்டும் மனப்பாடமாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலேயே இரண்டு பாடங்கள் உள்ளன. மணலியில் சுத்திகரிப்பாலை நடத்தும் சென்னை பெட்ரோலியம், 2019-20இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. கச்சா எண்ணெயை ஒரு விலைக்கு வாங்கி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து விற்பதற்குள் சந்தை விலை சரிந்தால் கையிருப்பின் மதிப்பே கரைந்துவிடும். அந்த ஆண்டு அதுதான் பெரிய அடி. விலை திரும்பியதும் லாபமும் திரும்பியது. 2020 மார்ச்சில் நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்த பங்கு 2024இல் ஆயிரத்தைத் தாண்டியது.

கடலூர் நாகார்ஜுனா சுத்திகரிப்பாலையின் கதை வேறு. கட்டுமானம் முடியும் முன்பே 2011 டிசம்பரில் தானே புயல் தாக்கியது. வேலை நின்றது, கடன் மட்டும் வளர்ந்தது. 2018இல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவுப்படி சாதாரணப் பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள். வங்கிகளுக்கே முழுத்தொகை தேறாத இடத்தில் அவருக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நஷ்டம் எண்ணெய் விலையால் வந்ததா, கடனால் வந்ததா என்பது. பங்குச்சந்தை இணையதளத்தில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, வட்டிச் செலவைச் செயல்பாட்டு லாபம் தாங்குகிறதா, நிறுவனர்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்று தணிக்கையாளர் சந்தேகம் எழுப்பியிருக்கிறாரா என்று பாருங்கள். இந்த மூன்றும் கெட்டிருந்தால் விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் அது மலிவு அல்ல. சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று மேலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, காகிதம். இதில்தான் மக்களின் அலட்சியம் கோபமூட்டுகிறது. சென்னை பெட்ரோலியத்தின் பழைய பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். அந்தப் பெயரில் 1994இல் வாங்கிய பங்குச் சான்றிதழ் இன்னும் சில வீடுகளில் பீரோவில் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை மின்னணு வடிவத்துக்கு (டீமேட்) மாற்றாமல் விற்க முடியாது. ‘விற்கலாமா’ என்று யோசிக்கும் முன் விற்க முடியுமா என்று பாருங்கள்.

அதற்கு முதலில் கம்பெனியின் பதிவேட்டில் உங்கள் விவரங்கள் சரியாக இருக்க வேண்டும். பான், முகவரி, வங்கிக் கணக்கு விவரங்களுக்கு ஐ.எஸ்.ஆர்-1 படிவம். பழைய கையெழுத்து மாறியிருந்தால், வங்கி மேலாளர் சான்றளிக்கும் ஐ.எஸ்.ஆர்-2. நியமனதாரரைச் சேர்க்க எஸ்.எச்-13. தேவையானவற்றைக் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தொல்லை. சான்றிதழில் ‘எஸ். குமரன்’ என்றும் பான் அட்டையில் ‘குமரன் சுப்ரமணியன்’ என்றும் இருந்தால் மனு திரும்பி வரும். வித்தியாசத்தை விளக்கும் அடையாள ஆவண நகலை முதலிலேயே கையெழுத்திட்டு இணைத்துவிடுங்கள்.

பங்குதாரர் இறந்திருந்தால், பங்கை வாரிசின் பெயருக்கு மாற்ற ஐ.எஸ்.ஆர்-5 படிவம். நியமனதாரர் இல்லாவிட்டாலும், காகிதப் பங்கின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ் தேவையில்லை. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் உறுதிமொழிப் பத்திரங்களும் வேண்டும். ‘கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று பதிவாளர் அலுவலகம் தட்டிக்கழித்தால் அதை எழுத்தில் கேளுங்கள்.

தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்காவிட்டால் பங்கே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அதை மீட்க, முதலில் கம்பெனியிடம் உரிமைக் கடிதம் வாங்கி, பிறகு ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. பங்கில் பங்கு கேட்கும் தரகர்களை நம்பாதீர்கள்.

கம்பெனியோ பதிவாளரோ பதில் சொல்லாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். தளத்தில் சமரசம், நடுவர் தீர்ப்பு என வழி உண்டு.

நஷ்டத்தில் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் மூலதன நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும். கெடு தேதியை இன்றே குறித்து வையுங்கள்.