தொட்டியிலிருந்து தொடங்கும் வீடு

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வாங்கப் போகிறவர் மரங்களை எண்ணுவதற்கு முன் கேட்பது “தண்ணி எப்படிங்க?” என்பதைத்தான். பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் எந்த மண்டலம், போர் எத்தனை அடி, சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் விலைப் பேச்சு. மாலத்தீவின் சிறு தீவொன்றுக்கு வேதியியல் ஆசிரியையாகப் போன என் அக்கா மகள், அங்கே வாடகைக்கு வீடு பிடித்ததும் இதே வரிசையில்தான். கட்டம் கட்டமாக அவள் அதைச் செய்து முடித்த விதம் எழுதி வைக்கத் தக்கது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாக அந்நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்துப் போகிறவர்களுக்கு இது பயன்படும்.

வேலையின் முதல் பாதி ஊரிலேயே நடக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டிய வரி, தங்குமிடம் பற்றியது. அறை தருகிறார்களா, வீட்டுப்படி தருகிறார்களா? படி என்றால் அதில் மின்சாரமும் தண்ணீரும் அடங்குமா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கியபின் கையெழுத்திட வேண்டும். வேலை அனுமதியை அங்குள்ள பணியமர்த்துபவர்தான் எடுத்துத் தர வேண்டும். சுற்றுலாப் பயணியாக இறங்கி வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது.

அடுத்தது பெட்டி. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் நம் மிக்சி அப்படியே ஓடும். சுவரில் பெரும்பாலும் சதுர முள் செருகும் பிரிட்டிஷ் வகைத் துளைகள் இருப்பதால், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். 13 ஆம்பியர் பியூஸ் வைத்த நான்கு பிளக்குகள், ஒரு திருப்புளி, ஒரு டெஸ்டர் போதும். கோவை வெட்கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கலாம், விமானத்துக்கு எடைதான் கணக்கு. அதை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டாள். பூசை அலமாரியில் இருந்த சிறு அம்மன் சிலையும் தங்கிவிட்டது. வழிபாட்டுக்குரிய சிலைகளை மாலத்தீவுச் சுங்கம் உள்ளே விடுவதில்லை. அந்த இடத்தில் ஐந்து மீட்டர் டேப்பும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா அளவே உள்ள டி.டி.எஸ். மீட்டரும் ஏறின. இந்த இரண்டும்தான் பிறகு வீட்டைத் தேர்ந்தெடுத்தன.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொள்ளாச்சியில் மாலையில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் திருவனந்தபுரம். அங்கிருந்து விமானத்தில் தலைநகர் மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள். விமான நிலையம் இருப்பதே தனித் தீவில். ஓரிரவு தங்கி, மறுநாள் அதிவேகப் படகில் தன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பள்ளி ஒரு தற்காலிக அறையை ஏற்பாடு செய்திருந்தது. அதற்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கொடுக்காமல் இருந்தது நல்ல முடிவு. சிறு தீவில் வீட்டுத் தரகர் கிடையாது, ‘டு லெட்’ பலகையும் கிடையாது. யார் மகன் மாலேயில் குடியேறினான், யார் வீட்டு மாடி காலி என்பதெல்லாம் கடைக்காரருக்கும் படகுத்துறையில் நிற்பவர்களுக்கும் மாணவர்களின் தாய்மார்களுக்கும் தெரியும். ஆகவே முதல் வாரம் முழுவதும் கேட்பது மட்டும்தான் வேலை. அங்கே வீட்டுக்கு எண்ணைவிடப் பெயர்தான் முகவரி. ‘கெ’ என்றால் திவெஹி மொழியில் வீடு, பெயர்கள் பலவும் அந்த எழுத்தில்தான் முடியும். கேட்ட பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏழு நாளில் ஆறு பெயர்கள் சேர்ந்தன.

இரண்டாம் வாரம் பார்வையிடல். வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, சனிக்கிழமை காலையில் புறப்பட்டாள். கால் மணி நேரம் நடந்தால் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடலாம். ஒரே நாளில் ஆறையும் பார்த்தாகிவிட்டது. பார்வை கூரையில் தொடங்கி, தகரத்தின் துரு, தண்ணீர்க்கால், இறங்கு குழாய், தொட்டி, கிணறு, குளியலறை என்று தண்ணீர் போகும் வழியிலேயே இறங்கியது. சமையலறையும் படுக்கையறையும் அதற்குப் பிறகுதான்.

கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் ஆயிரம் அடி துளைத்தும் புகை மட்டும் வருகிற போர்கள் உண்டு. அங்கே ஒன்று, ஒன்றரை மீட்டர் தோண்டினாலே தண்ணீர். தீவின் தரைமட்டமே கடலிலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர்தான். பவளமணலில் இறங்கிய மழைநீர், அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மலக்குழி அருகில் இருந்தால் அதுவும் கலக்கும். 2004 ஆழிப்பேரலையில் பல தீவுகளின் வில்லை உப்பாகிப்போனது. எனவே கிணற்றுநீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். குடிக்கவும் சமைக்கவும் கூரையில் பிடித்த மழைநீர். கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தரும் ஆலை பல தீவுகளில் வந்துவிட்டது. அப்படிப்பட்ட தீவாக இருந்தால் இந்தக் கட்டத்தில் மீட்டர் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு நகரலாம்.

பழைய வீடுகளில் கிணறு, கிஃபிலி எனப்படும் திறந்தவெளிக் குளியல் முற்றத்துக்குள்ளேயே இருக்கும். நீண்ட கம்பின் நுனியில் தகரக் குவளை பொருத்திய ‘தானி’யால் முகந்து ஊற்றிக்கொள்வார்கள். கயிறும் இல்லை, உருளையும் இல்லை. ஆழம் குறைந்த கிணற்றுக்கு அளவெடுத்துச் செய்ததுபோன்ற கருவி. என் அக்கா மகள் ஒவ்வொரு வீட்டிலும் தானியால் ஒரு குவளை எடுத்து மீட்டரை நனைத்தாள். முதலில் நாற்றம், பிறகு எண், கடைசியில் இரண்டு கை சோப்பு நுரை. 500க்கு மேல் காட்டிய இரண்டு வீடுகளை நோட்டில் அடித்தாள். மலக்குழியும் கிணறும் நான்கு அடி இடைவெளியில் இருந்த மூன்றாவதையும் அடித்தாள்.

மிச்சம் மூன்று. இங்கேதான் கணக்கு வருகிறது; இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வீட்டின் கூரை 8 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 40 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 40 லிட்டர். சிதறலுக்கும் வழிதலுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 32. தொட்டி 2,500 லிட்டர். ஆக, 78 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். ஹுல்ஹங்கு எனப்படும் தென்மேற்குப் பருவத்தில் இது பெரிய மழையல்ல. நிரம்பிய தொட்டி எத்தனை நாள் வரும்? உடன் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியையுடன் சேர்ந்து இரண்டு பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளுக்குப் பத்து, 250 நாள். வடகிழக்குக் காற்று வீசும் இருவை பருவத்தின் வறண்ட காலத்தைத் தாராளமாக 120 நாள் என்று வைத்தாலும் பாதித் தொட்டி மிஞ்சும்.

ஆனால் அந்த வீட்டில் தொட்டி பொது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம் ஐந்து பேர். ஏழு பேருக்கு நாளுக்கு 35 லிட்டர் என்றால் 71 நாள்தான் வரும். மார்ச் நடுவில் தொட்டி காய்ந்துவிடும். கூரை, தொட்டி, குழாய் எல்லாமே நல்ல நிலையில் இருந்தும், “இந்தத் தொட்டியில் வேறு யார் தண்ணீர் எடுப்பார்கள்?” என்ற ஒரு கேள்வியில் அந்த வீடு கழிந்தது. அடுத்ததில் தனித்தொட்டி, ஆனால் டீசல் மின்நிலையத்துக்கு இருபது மீட்டரில் படுக்கையறைச் சன்னல். ஆறாவது பெயர் நின்றது. ஓர் அறை, ஒரு சமையலறை, தனித்தொட்டி, 36 சதுர மீட்டர் கூரை, முற்றத்தில் இரண்டு தென்னை.

மூன்றாம் வாரம் ஒப்பந்தம். அது திவெஹியில், வலமிருந்து இடமாக எழுதும் தானா எழுத்தில் இருக்கும். ஆங்கிலப் படியும் வாங்கி, இரண்டையும் வாசிக்கத் தெரிந்த சக ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டாள். வாடகை ரூஃபியாவிலா டாலரிலா, முன்பணம் எத்தனை மாதம், பள்ளி விடுமுறையில் ஊருக்கு வரும் மாதத்துக்கு வாடகை உண்டா, மோட்டார் பழுதானால் யார் செலவு, தனித்தொட்டி என்றைக்கும் தனித்தொட்டிதானா ஆகிய ஐந்தும் எழுத்தில் ஏறின. சாவி வாங்கும் முன் மின்மீட்டர் எண்ணையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் படமெடுத்து, இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டார்கள்.

பிறகு வீட்டை வாழத் தக்கதாக்கும் வேலை. பிளக் மாற்ற ஒரு மணி நேரம். உப்புக்காற்றில் கீல்களும் தாழ்ப்பாளும் ஒரே மாதத்தில் இறுகிவிடும் என்பதால், ஊரிலிருந்து கொண்டுபோன செக்கு எண்ணெயில் துணியை நனைத்து வாரம் ஒருமுறை துடைப்பது வழக்கமானது. அரிசிக்கும் பருப்புக்கும் இறுக மூடும் டப்பாக்கள். காய்கறி மாலேயிலிருந்து வரும் சரக்குப் படகை நம்பியது. ஆனால் கறிவேப்பிலையும் முருங்கையும் அடுத்த வீட்டு முற்றத்திலேயே இருந்தன. முருங்கையை அங்கேயும் முருங்கா என்றுதான் சொல்கிறார்கள்.

கடைசி வேலை தொட்டியுடையது. பழைய நீரை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வாய்க்கு இரட்டை மடிப்பு வெள்ளைத் துணி கட்டினாள். இறங்கு குழாயை இடம் மாற்றி வைக்கும்படி தளர்வாகப் பொருத்தினாள். மழை தொடங்கியதும் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கலந்த முதல் நீர், ஏறத்தாழ இரண்டு குடம், மண்ணில் போக வேண்டும். கையில் பிடித்துப் பார்த்துத் தெளிந்தபின் குழாயைத் தொட்டி வாய்க்குத் திருப்ப வேண்டும். நான்காம் வாரம் இரவில் மழை வந்தது. எழுந்து போய் இருபது நிமிடம் காத்திருந்து திருப்பினாள். காலையில் டேப்பை உள்ளே விட்டு அளந்தபோது 31 சென்டிமீட்டர், டி.டி.எஸ். மீட்டரில் 28. அந்த இரண்டு எண்களையும்தான் அன்று அவள் அம்மாவுக்கு முதலில் அனுப்பினாள்.