ஸ்பிரிங்கும் தளரக்கூடாது, வீடும் பதறக்கூடாது

துப்பாக்கி என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். ஆனால் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றபோது மகிழாதவர் யார்? நம் சங்கக் குடும்பங்களிலும் இன்று சில பிள்ளைகள் இந்த விளையாட்டில் இறங்கியிருக்கிறார்கள். இராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சார், ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். ரைஃபிளை எப்படி வைத்துவிட்டுப் போவது? ஸ்பிரிங் கெட்டுப்போகாதா?"

நல்ல கேள்விதான். ஸ்பிரிங்குக்கு எது நல்லதோ, அதுவே வீட்டுக்கும் நல்லது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறக்கூடாது.

ஸ்பிரிங் எதனால் கெடுகிறது?

நல்ல எஃகில் செய்த ஸ்பிரிங், அதற்குரிய அளவுக்குள் அழுத்தப்பட்டு அசையாமல் இருந்தால் எளிதில் கெடாது. ஆயிரக்கணக்கான முறை அழுந்தி விரிவதால்தான் அது களைக்கிறது. அளவுக்கு மேல் அழுத்தினாலும், துருப் பிடித்தாலும் கெடும். துரு அரித்த சிறு குழியிலிருந்துதான் பல ஸ்பிரிங்குகள் முறிகின்றன.

குழலை மடக்கி இழுக்கும் சாதாரண ஏர் ரைஃபிளின் பெரிய ஸ்பிரிங் இதற்கு விலக்கு. அது எல்லையை ஒட்டியே அழுத்தப்படுகிறது. இழுத்த நிலையில் நாள் கணக்கில் விட்டால் சற்றே குறுகிவிடும்; பெல்லட்டின் வேகமும் குறையும். போட்டிகளில் பயன்படும் சிலிண்டர் வகை ஏர் ரைஃபிளில் இந்தப் பெரிய ஸ்பிரிங் கிடையாது. அழுத்திய காற்றுதான் வேலை செய்கிறது. அதில் கவனிக்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் காலக்கெடுத் தேதி.

அபாயம் எங்கே?

"ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்று உள்ளே பாராமல் விசையை அழுத்துவதில்தான். துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொள்வது வேறு, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு. ஆகவே வரிசை இது:

1. குழல் வாய் ஆளில்லாத பக்கம், பின்னால் கெட்டியான சுவர் இருக்கும் பக்கம் நோக்கி இருக்கட்டும். அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் பக்கமோ, அடுத்த வீட்டோடு ஒட்டிய மெல்லிய சுவர்ப் பக்கமோ ஆகாது.

2. மாகஸினை முதலில் கழற்றுங்கள். பிறகு போல்ட்டைத் திறந்து, குண்டு நிற்கும் அறையைக் கண்ணால் பாருங்கள். விரலாலும் தடவிப் பாருங்கள். மாகஸினைக் கழற்றினாலும் அறையில் ஒரு குண்டு தங்கியிருக்கலாம்.

3. ஸ்பிரிங்கைத் தளர்த்துவது இதற்குப் பிறகுதான். பெரும்பாலான போல்ட் ரைஃபிள்களில் விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை மெதுவாக மூடினால் போதும், அடி விழாது. .22 ரைஃபிளை வெறுமையாகச் சுடாதீர்கள். பல மாடல்களில் ஊசி அறையின் விளிம்பில் அடித்து அதைச் சிதைத்துவிடும். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளையும் பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது. காற்றின் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் உலோகத்தில் மோதும். ரேஞ்சிலேயே கடைசி பெல்லட்டைச் சுட்டு, மறுபடி இழுக்காமல் வீட்டுக்குக் கொண்டு வருவதே சுலபம்.

4. போல்ட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியே வையுங்கள். ரைஃபிள் ஓர் இடம், போல்ட் ஓர் இடம், குண்டு ஓர் இடம்; மூன்றுக்கும் பூட்டு. சாவி பூஜை அறை ஆணியில் தொங்கக்கூடாது. பிள்ளைகளுக்குத் தெரியாத ஆணி வீட்டில் எது?

எண்ணெயும் ஈரமும்

மும்பை, கொல்கத்தா மழைக்காலத்தில் ஸ்பாஞ்சு வைத்த உறை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாதக்கணக்கில் வைப்பதானால் உறையிலிருந்து எடுத்து, விரல் வியர்வையைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகப் பூசி, சிலிகா ஜெல் பொட்டலத்துடன் இரும்பு அலமாரியில் பூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். டெல்லிக் குளிரில் அது உறைந்து நிற்பதை நம் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். துப்பாக்கிக்குள்ளும் அதே கதிதான். ஏர் ரைஃபிளின் காற்றறைக்குள் எந்த எண்ணெயும் விடாதீர்கள். அழுத்தச் சூட்டில் அது பற்றிக்கொள்ளும்.

ஆயுத பூஜையன்று ரைஃபிளுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, விஜயதசமி வரை தொடாமல் வைப்பவர்கள் உண்டு. ஈரச் சந்தனம் ஒரே இரவில் துருவைக் கொண்டுவரும். கூடத்தில் திறந்து கிடக்கும் துப்பாக்கியோ வந்துபோகும் குழந்தைகளை அழைக்கும். பூட்டிய பெட்டிக்குப் பொட்டு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்று. 2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதனாலேயே அதைப் பொம்மையாக எண்ணிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிறோம். கண்ணைப் பறிக்க அந்த விசை தாராளமாகப் போதும். உரிமம் உள்ள ரைஃபிள் வைத்திருப்பவர்கள் நீண்ட நாள் வெளியூர் போவதானால், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வது மேல்.

தளர்ந்த ஸ்பிரிங்கைக் கடையில் மாற்றிவிடலாம். மற்றதற்கு மாற்று கிடையாது.